இளமையின் களிப்பும் இஸ்லாமியத் தமிழ்க் கதைகளும்

ஒரு சமுதாயம் தன் இளைஞர்களைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை, அது அவர்கள் கையில் கொடுக்கும் கதைகளைக் கொண்டே அறியலாம். பாலர்க்குத் தாலாட்டும் கதையும் உண்டு. முதியோர்க்கு வரலாறும் ஞானமும் உண்டு. பதின்மூன்று வயதைக் கடந்து இருபதை எட்டும்வரை உள்ள நடுப்பருவத்தினர்க்கு நம் தமிழ் முஸ்லிம் எழுத்துலகம் வழங்கியிருப்பது யாது? அவர்கள் வாய்விட்டுச் சிரிப்பதற்கும், மூச்சடக்கி வியப்பதற்கும், விளக்கை அணைக்கச் சொல்லி உம்மா அதட்டிய பின்னும் இன்னும் இரண்டு பக்கம் என்று கெஞ்சிப் படிப்பதற்கும் உரிய நூல்கள் எவை? இவ்வினாவை முன்வைத்து, நம் பழைய இலக்கியத்தையும் புதிய எழுத்தையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதற்காக இரு வாசகர்களைக் கற்பனையில் நிறுத்திக்கொள்வோம். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் இருப்புப்பாதையில், கடலூர் துறைமுகம் சந்திப்புக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே செம்மங்குப்பம் என்றோர் ஊர் இருக்கிறது. ஒருபுறம் சிப்காட் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள். மறுபுறம் சற்றுத் தொலைவில் வங்கக் கடல். அப்பகுதியில் வாழும் பதினேழு வயது முஸ்லிம் பிள்ளை ஒருவன். அவனுக்குப் பதினைந்து வயதுத் தங்கை ஒருத்தி. பகலில் பள்ளிக்கூடம், மாலையில் பந்தாட்டம், வெள்ளியன்று ஜும்ஆ, ரமலானில் நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல் வரிசை, எந்நேரமும் கையில் கைப்பேசி: இதுவே அவர்கள் உலகம். ஒரு நூலை எடுத்து, ‘இவ்விருவரும் இதில் தம்மைக் காண்பார்களா? முடிப்பதற்கு முன் கீழே வைக்க அவர்களுக்கு மனம் வருமா?’ என்று கேட்போம். இவ்விரு கேள்விகளே நம் அளவுகோல்.

களிப்பு விலக்கப்பட்டதா?

நூல்களுக்குள் புகுமுன் ஒரு தடையை நீக்கிக்கொள்ளல் வேண்டும். இளையோரின் விளையாட்டும் வேடிக்கையும் மார்க்கப் பற்றுக்குப் பகை என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அவ்வெண்ணம் உள்ளவரை, களிப்புள்ள கதை எழுதுவோன் குற்றவாளியைப் போலக் கூசிக்கூசியே எழுதுவான்.

யூஸுப் (அலை) அவர்களின் சரிதையைத் திருக்குர்ஆன் வரலாறுகளுள் மிக அழகியதெனச் சிறப்பிக்கிறது. அதன் தொடக்கத்தை ஊன்றி நோக்குவோம். மூத்த சகோதரர்கள் தந்தையிடம் வந்து, தம்பியை நாளை தங்களுடன் அனுப்புமாறும், அவன் உண்டு களித்து விளையாடட்டும் என்றும் வேண்டுகின்றனர். தந்தையோ யஃகூப் (அலை) என்னும் நபி. அவர்கள் அளித்த மறுமொழியில் விளையாட்டைக் கண்டிக்கும் சொல் ஒன்றேனும் இல்லை. பிள்ளையைப் பிரிவது தம்மை வருத்தும் என்றும், அவர்கள் கவனியாத வேளையில் ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சுவதாகவும் மட்டுமே கூறுகின்றார்கள். வஞ்சகம் செய்ய வந்தவர்களும் ஒரு நபியின் இசைவைப் பெறுவதற்கு விளையாட்டையே காரணமாகக் காட்டினர் என்றால், பிள்ளை விளையாடச் செல்வது அவ்வில்லத்தில் ஏற்புடைய செயலாக இருந்தது என்பது தானே பெறப்படும்.

‘கஹ்ஃபு’ அத்தியாயத்தில் இளைஞர் இருமுறை வருகின்றனர். கொடுமைக்கு அஞ்சிக் குகையில் தஞ்சம் புகுந்தோரை ‘ஃபித்யா’ என்றும், மூஸா (அலை) அவர்களுடன் இரு கடல்கள் கூடுமிடம் தேடி நடந்த துணைவரை ‘ஃபதா’ என்றும் திருமறை குறிக்கிறது. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை, இளமையைச் சுட்டுபவை. குகை வாயிலில் கால் நீட்டிக் கிடந்த நாய், வெள்ளிக்காசோடு நகருக்குள் எச்சரிக்கையாய் உணவு வாங்கச் சென்ற ஒருவன், வழியில் மறந்துபோன மீன், அது கடலுக்குள் வழிகண்டு நழுவிய அதிசயம் ஆகிய இவை யாவும் அங்கே உள்ளன. வெள்ளிதோறும் நம் வீடுகளில் ஓதப்படும் அத்தியாயம் இது. ஓதுகின்ற பிள்ளைக்கு இது இளைஞரின் தீரச்செயல் என்று எடுத்துரைப்பார் எத்தனை பேர்?

பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடியதை, நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்து நின்று ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் காட்டியதும், அவர்கள் தாமே சலித்து விலகும்வரை பொறுத்து நின்றதும் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளன. பிற்காலத்தில் இதை நினைவுகூர்ந்த அன்னையார், இளவயதுப் பெண்ணுக்கு வேடிக்கையில் எவ்வளவு நாட்டமிருக்கும் என்பதை எடைபோட்டுக்கொள்ளுமாறு கேட்போர்க்குக் கூறினார்கள். வீட்டில் மனைவி மக்களோடு கலந்தால் உள்ளத்தின் உருக்கம் குறைந்துவிடுகிறதே என்று கலங்கி வந்த ஹன்ழலா (ரலி) அவர்களிடம், ஒரு நேரம் அதற்கு, ஒரு நேரம் இதற்கு என்னும் கருத்துப்படவே நாயகம் (ஸல்) ஆறுதல் கூறினார்கள். எல்லைகள் உண்டு, அவற்றை மறுப்பார் இல்லை. எல்லைக்குள் களிப்புக்கு இடம் உண்டு என்பதும் அதே அளவு உறுதியானதாகும்.

கிஸ்ஸாக்கள் கொடுத்ததும் இழந்ததும்

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் பழைய வடிவங்களான மசலாவும் கிஸ்ஸாவும் படைப்போரும் இதற்குச் சான்று. 1572ஆம் ஆண்டில் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ‘ஆயிரம் மசலா’ வினாவிடையாய் அமைந்தது. ‘நூறு மசலா’விலோ ஓர் அரசிளங்குமரி நூறு வினாக்களைத் தொடுக்கிறாள்; அவளை மணக்க விழைந்து வந்த இளைஞன் ஒவ்வொன்றுக்கும் விடை பகர்கிறான். இதன் நயத்தைக் காண்க. மார்க்க அறிவும் உலக அறிவும் விடுகதைப் போட்டியாக மாறுகின்றன. கேட்பவர் விடையைத் தாமே முந்திச் சொல்ல முயல்கின்றனர். அறிவுப் போட்டியில் வினாத் தொடுப்பவள் பெண் என்பதையும் நம் பெண்மணிகள் கவனிக்காமல் இருந்திருக்கமாட்டார்கள். வீட்டுக்குள் அமர்ந்து ராகத்தோடு படித்து வந்தவர்கள் அவர்களேயன்றோ?

தமீமுன் அன்சாரி (ரலி) அவர்கள் பெயரால் வழங்கும் கதையில் ஜின்கள் தூக்கிச் செல்கின்றன. அறியாத தீவுகளில் அலைச்சல் நேர்கிறது. பல்லாண்டு கழித்து வீடு திரும்பும்போது வியப்பான சிக்கல் காத்திருக்கிறது. கடலோடிகளின் குடும்பங்களுக்கு இது எவ்வளவு நெருக்கமான கதை! கணவனோ மகனோ கப்பலேறிப் போய்ச் சேதியின்றி இருக்கும் வீட்டில், திரும்பி வருவான் என்னும் நம்பிக்கையையே அக்கதை ஊட்டியது.

கடந்த நூற்றாண்டில் சீர்திருத்தம் விழைந்த அறிஞர்கள் இக்கதைகளை நோக்கி ஒரு கேள்வி எழுப்பினர். இவற்றுக்கு அறிவிப்பாளர் தொடர் உண்டா என்பதே அக்கேள்வி. நபிமார்கள் மீதும் ஸஹாபிகள் மீதும் நிகழாதவற்றை ஏற்றிச் சொல்லலாகாது என்றனர். கேள்வி நியாயமானது. ஹதீஸ் கலையைப் பயின்ற எவரும் அதனைக் குறைகூற இயலாது. இஸ்னாத் இல்லாத செய்தியை மார்க்கச் செய்தியாகக் கொள்வது பெருங்கேடு. ஆகவே கிஸ்ஸாக்கள் வீடுகளை விட்டு மெல்ல வெளியேறின.

அவை வெளியேறியபோது, அவற்றோடு சேர்ந்து இன்னொன்றும் வெளியேறிற்று. அதுவே கதைச்சுவை. பொய்யான செய்தியைக் களைய வேண்டியிருந்தது. கூடவே வியப்பும் நகையும் களையப்பட்டன. காலியான அலமாரியில் வந்து அமர்ந்தவை அறிவுரை நூல்கள். அவையும் தேவையே. தொண்டி தந்த அறிஞர் அப்துற் றஹீம் அவர்களின் முன்னேற்ற நூல்கள் எத்தனையோ இளைஞரைத் தலைநிமிரச் செய்தன. எனினும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு வழிகாட்டி ஒருவர் வேண்டுமென்றால், தோழன் ஒருவனும் வேண்டும். கதை என்பது தோழன்.

ஹரீரி காட்டிய வழி

இச்சிக்கலுக்கு விடை நம் மத்ரஸாவின் அலமாரியிலேயே இருக்கிறது என்பது வியப்புக்குரியது. அரபி இலக்கியம் ஓதியோர் அனைவரும் பஸராவின் ஹரீரி (1054–1122) இயற்றிய ‘மகாமாத்’ என்னும் நூலை அறிவர். ஐம்பது மகாமாக்கள், சொல்பவர் ஹாரிஸ் இப்னு ஹம்மாம், கதைத்தலைவன் அபூ ஸைத் ஸரூஜி என்னும் நாவன்மை மிக்க எத்தன். முதல் மகாமாவில் அவன் துறவு குறித்து உருக்கமாகப் போதித்து, கூட்டத்தைக் கண்ணீர் வடிக்கச் செய்து, காணிக்கையைப் பெற்றுக்கொண்டு செல்கிறான். பின்தொடர்ந்து சென்று பார்த்தால், குகையில் வெள்ளை ரொட்டியும் வறுத்த இறைச்சியும் மதுச்சாடியுமாக அமர்ந்திருக்கிறான்! இதைத்தான் உஸ்தாதுமார் பல நூற்றாண்டுகளாக மாணவர்க்கு அகராதி விரித்து ஓதிக்கொடுத்து வருகின்றனர். மொழியறிவுக்காகவே ஓதுகிறோம் என்பர். இருக்கட்டும், அப்பாடம் நடக்கும்போது வகுப்பில் எழும் சிரிப்பை யார் தடுத்தார்?

நமக்கு வேண்டிய செய்தி ஹரீரியின் முன்னுரையில் இருக்கிறது. கட்டுக்கதை எழுதுகின்றாரே என்று தம்மைக் குறைகூறுவோர்க்கு அவர் அங்கே விடையிறுக்கிறார். விலங்குகளும் உயிரற்ற பொருள்களும் பேசும் கதைகளை இயற்றியோரையும் சொன்னோரையும் அறிஞர் எவரும் பாவிகள் என்று ஒதுக்கவில்லை. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை. விழிப்பூட்டுவதற்காகப் புனைந்தவனும் ஏமாற்றுவதற்காகப் புனைந்தவனும் ஒன்றாகார். இவையே அவர் வாதத்தின் சாரம். கதையைக் கதை என்று அறிவித்துவிட்டுச் சொன்னால் அது பொய்யாகாது என்னும் தெளிவு அதில் அடங்கியிருக்கிறது. கிஸ்ஸாவின் பிழை அது புனைவு என்பதன்று. புனைவை வரலாறு என்று காட்டியதே பிழை. இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தால், கிஸ்ஸாவின் இடத்தில் நல்ல நாவலை வைத்திருக்கலாம்; அறிவுரையை மட்டும் வைக்க நேர்ந்திராது.

அரபி இலக்கியத்தில் இளைஞர்க்குரிய கதைக்கும் பயணத்துக்கும் பஞ்சமில்லை. அந்தலூஸியாவின் இப்னு துஃபைல் (இறப்பு 1185) எழுதிய ‘ஹய்யு இப்னு யக்ழான்’ ஆளில்லாத் தீவில் மானின் பாலருந்தி வளரும் பிள்ளையின் கதை. நெருப்பைக் கண்டறிகிறான், இறந்த மானின் உடலைத் திறந்து உயிர் எங்கே போயிற்று என்று தேடுகிறான், தேடித்தேடிப் படைத்தவனை உணர்கிறான். 1671ஆம் ஆண்டில் இலத்தீனில் வெளிவந்து ஐரோப்பியர் பலராலும் படிக்கப்பட்டது. இப்னு பதூதா 1325ஆம் ஆண்டில் தாஞ்சியர் நகரத்தை விட்டுத் தனியே புறப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தொன்று. அவர் பின்னாளில் நம் சோழமண்டலக் கரைக்கும் மதுரைக்கும் வந்தார். இவற்றைத் தமிழில் இளையோர் நடையில், படங்களோடு, நம் செம்மங்குப்பத்து வாசகர் கையில் கொடுத்தால் வேண்டாம் என்பார்களா?

நாவலாசிரியர் மூவர்

இனி நம்மவர் எழுதிய நாவல்களுக்கு வருவோம். இலங்கையில் ‘முஸ்லிம் நேசன்’ இதழை நடத்திய கண்டி வழக்கறிஞர் சித்தி லெப்பை 1885ஆம் ஆண்டில் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். தமிழ் நாவலின் விடியற்காலம் அது. எகிப்தில் உயர்குடியில் பிறந்த மகவொன்று இளம்பருவத்திலேயே கவர்ந்து செல்லப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, இடர்கள் பல கடந்து, இறுதியில் தன் குடியைச் சேர்கிறது. தலைவன் இளைஞன், கதை முழுதும் பயணம். நம் சமுதாயத்தின் முதல் நாவலே இளைஞனின் தீரக்கதை என்பது பெருமைக்குரியது. அதனை ‘வரலாற்றுச் சிறப்புடைய நூல்’ என்று புகழ்ந்து ஆய்வாளரின் அலமாரிக்குள் பூட்டிவிட்டோமேயன்றி, பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்தோமில்லை. குறை சொல்வதானால் ஒன்று சொல்லலாம்: அதன் களங்கள் கெய்ரோவும் பம்பாயும் கல்கத்தாவும். தமிழ் முஸ்லிம் வீட்டின் திண்ணையும் முற்றமும் அதில் இல்லை.

அடுத்து நாகூர் சித்தி ஜுனைதா பேகம். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்ற பெண்மணி அவர். 1938ஆம் ஆண்டில், இருபதைச் சற்றே கடந்த வயதில், ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார், உ.வே. சாமிநாதையரின் பாராட்டையும் பெற்றார். தானே இளைஞியாக இருந்தவர் இளையோர் உள்ளத்தின் போராட்டத்தைத் தலைப்பிலேயே வைத்தார். நம் பெண்பிள்ளைகளுக்கு இந்நூலின் கதையைவிட இது பிறந்த கதை இன்னும் பெரிய ஊக்கம் தரும் என்போம். வீட்டுக்குள் இருந்து படித்துப் படித்தே எழுத்தாளரானவர் அவர். படிக்க நூல் கிடைத்ததால்தானே அது கைகூடியது?

மூன்றாவது, தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’. ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து 1988ஆம் ஆண்டில் நூலாயிற்று. ஊரையே அடக்கி ஆளும் முதலாளியும், ஆங்கிலப் பள்ளிக்கூடம் திறக்க வந்து எதிர்ப்புக்கு ஆளாகும் ஆசிரியரும், நம் கரையோர மக்களின் வாய்மொழியும் அதில் உயிரோடு நடமாடுகின்றன. தமிழ் முஸ்லிம் வீடு அங்கே முழுமையாக வந்துவிட்டது. நம் முதல் கேள்விக்கு, ‘ஆம், தம்மைக் காண்பார்கள்’ என்று விடை கிடைக்கிறது. ஆயினும் அது பெரியோரின் துயரக்கதை. இளையோர் பெரியவர்களின் பிடிவாதத்துக்கு இரையாகின்றவர்களாகவே அதில் பெரிதும் தோன்றுகின்றனர். இது ஆசிரியரின் குறையன்று. அவர் எடுத்துக்கொண்ட பொருள் அது. சித்தி லெப்பை பயணம் தந்தார். மீரான் வீடு தந்தார். பயணமும் வீடும் ஒன்றாய்க் கூடும் இளையோர் நாவலே நாம் வேண்டுவது.

இற்றை எழுத்தின் குறைகள்

நம் இதழ்களிலும் சிறு வெளியீடுகளிலும் ‘இளைஞர் கதை’ என்னும் பெயரில் வருபவற்றுக்கு ஒரு வாய்பாடே உண்டு. கதைத்தலைவன் தொழமாட்டான், நண்பர்களோடு சுற்றுவான், முதல் பக்கத்தில் உம்மா அழுவார், நடுப்பக்கத்தில் விபத்தோ நோயோ நேரும், கடைசிப் பக்கத்தில் ஒரு பயான் கேட்டுத் திருந்திவிடுவான். தங்கை இருந்தால் அறிவுரை பெறவோ மணமாகவோ மட்டுமே இருப்பாள். நம் கற்பனை வாசகன் முதல் பத்தியிலேயே முடிவை ஊகித்துவிடுகிறான். முடிவு தெரிந்த கதையை எவன் படிப்பான்? இதில் இன்னுமொரு தீங்கு இருக்கிறது. நண்பர்களோடு சுற்றுவது ஒன்றே இவன் கெட்டுப்போனதற்கு அடையாளமாகக் காட்டப்படுகிறது. தொழுதுவிட்டு நண்பர்களோடு சுற்றும் பிள்ளைகள் நம் ஊர்களில் இல்லையா? அவர்களே பெரும்பான்மையோர், அவர்களைப் பற்றிய கதையோ சிறுபான்மை.

பெருநாளைப் பாருங்கள். கதைகளில் வரும் பெருநாள் ஃபித்ராவின் சட்டங்களை விளக்குவதற்கோ, புத்தாடையில்லாத ஏழைச் சிறுவனைக் காட்டிக் கண்ணீர் வரவழைப்பதற்கோ பயன்படுகிறது. உண்மைப் பெருநாள் எங்கே? பிறை தெரிந்ததா இல்லையா என்று ஊருக்கு ஊர் தொலைபேசி பறக்கும் மாலை. தையற்காரர் சட்டையைத் தராமல் இழுத்தடிக்க, இரவு பதினொரு மணிவரை கடைவாசலில் காத்துக்கிடக்கும் பிள்ளை. யார் கையில் மருதாணி அதிகம் சிவந்தது என்று ராத்தாவும் தங்கையும் இடும் சண்டை. பெருநாள் காசை எண்ணி எண்ணிப் பையில் வைப்பது. வட்டிலப்பத்தில் பெரிய துண்டு யாருக்கு என்னும் வழக்கு. இவை அற்பமானவை என்று தோன்றலாம். ஒருவர் எழுபது வயதில் தம் வாப்பாவையும் உம்மாவையும் நினைக்கும்போது நினைவில் எழுபவை இவையே.

பக்கத்து மொழியில் வைக்கம் முஹம்மது பஷீர் இதைச் செய்து காட்டினார். 1959இல் வெளிவந்த ‘பாத்துமாவின் ஆடு’ ஒரு முஸ்லிம் வீட்டின் அன்றாடக் கூச்சல் குழப்பமே. அந்த ஆடு, எழுத்தாளராகிய பஷீர் எழுதிய நூல்களையே தின்றுவிடுகிறது! அவ்வீட்டில் வறுமை உண்டு, சச்சரவு உண்டு, ஈமானும் உண்டு. படித்து முடிக்கும் எவரும் முஸ்லிம் குடும்பத்தை இகழமாட்டார். அக்குடும்பத்தில் தாமும் ஒருவராய்ப் பிறந்திருக்கலாகாதா என்றே எண்ணுவார்.

தீரச்செயல் என்றால் நம் எழுத்தாளர் உடனே அரபு நாட்டுப் பாலைவனத்துக்குக் குதிரை ஏறிவிடுகின்றனர். 1950ஆம் ஆண்டில் தொடங்கிய கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ எங்கே ஆரம்பமாகிறது? ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், வேடிக்கை பார்த்துக்கொண்டே குதிரையில் வரும் ஓர் இளைஞனோடு. இன்று வீராணம் எனப்படும் அவ்வேரி நம் கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயிலை ஒட்டி இருக்கிறது. இளமை, திருநாள், வேடிக்கை, வரப்போகும் ஆபத்து ஆகிய நான்கும் முதல் அத்தியாயத்திலேயே கைகோத்து நிற்கின்றன. நம் பிள்ளைகள் அதை விரும்பிப் படிப்பதில் தவறேதும் இல்லை. நாமும் படிக்கச் சொல்வோம். படித்து முடித்ததும், ‘நம் கரையில் இப்படி ஒன்றும் நடக்கவில்லையா?’ என்று அவன் கேட்டால் என்ன விடை சொல்வோம்?

நடந்திருக்கிறது. செம்மங்குப்பத்திலிருந்து அதே இருப்புப்பாதையில் தெற்கே சென்றால் பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என்று பெயர்பெற்று மரக்கலங்கள் வந்துசென்ற துறைமுகம். 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் பெரும்போர் நிகழ்ந்த மண். வள்ளல் சீதக்காதி மறைந்தபின், உமறுப்புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் உருப்பெறத் துணைநின்ற அபுல் காசிம் மரைக்காயரின் ஊர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, பக்கத்து மீனவக் குப்பங்களின் மக்களுக்கு உணவும் உறைவிடமும் அளிக்க முன்வந்தோர் அவ்வூர் ஜமாஅத்தார். அன்று பெரியவர்களோடு ஓடியாடி உழைத்த இளைஞர்களின் ஒரு நாள் போதாதா, ஒரு நாவலுக்கு?

உமறுவின் நுட்பம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவர் பாடியது அரபு நாட்டு வரலாறு. ஆயினும் நாட்டுப் படலத்தில் ஆறு பெருகுகிறது, வயலில் நாற்று நடுகின்றனர், நெல் விளைகிறது. பாலைவனத்தில் ஏது நாற்றங்கால் என்று கேட்போர் காப்பிய மரபை அறியாதவர். அது தமிழ்க் காப்பிய வழக்கு. கேட்கும் தமிழர் அந்நாட்டில் தம் ஊரைக் கண்டு உள்ளம் ஒன்றுவதற்கு அதுவே வழியாயிற்று. அவர் அரபு நாட்டுக்கே தமிழ் வயலைக் கொண்டுபோனார். இன்றைய எழுத்தாளரோ தமிழ் வயலில் பிறந்த பிள்ளையைப் பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டுக் கதை சொல்கிறார். எது அரிய கலை என்பதை வாசகரே முடிவு செய்க.

இரண்டு மறுப்புகள்

நாவல் படித்தால் பிள்ளை கெட்டுவிடும் என்பது ஒரு மறுப்பு. கெட்ட நாவல் கெடுக்கும், ஐயமில்லை. அதற்கு மருந்து நல்ல நாவல் எழுதுவதே. பசித்த பிள்ளையிடம் வெளியுணவு ஆகாது என்று சொல்லிவிட்டு வீட்டிலும் உலைவைக்காமல் இருப்பது எவ்வகை நியாயம்? கைப்பேசிக் காலத்தில் யார் படிக்கப்போகிறார் என்பது இன்னொரு மறுப்பு. 1997 முதல் 2007 வரை ஏழு தடித்த தொகுதிகளாக வெளிவந்த ஹாரி பாட்டர் கதையை, உலகெங்கும் உள்ள இதே வயதுப் பிள்ளைகள்தாம் கடைவாசலில் வரிசையில் நின்று வாங்கினர். சுவை இருந்தால் பக்கம் பெரிதில்லை.

மூன்றாவதாக, வாயால் சொல்லாத மறுப்பு ஒன்று பெரியவர்கள் மனத்தில் இருக்கிறது. இளமை என்பது பிற்காலத்துக்கான ஆயத்தம் மட்டுமே. படித்து, வேலைக்குப் போய், மணமுடித்த பிறகே வாழ்க்கை தொடங்குகிறது. எனவே இடைப்பட்ட நாள்களின் களிப்பையும் கனவையும் எழுதுவானேன் என்பது அவ்வெண்ணம். 2025ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் காலையில், செம்மங்குப்பம் இருப்புப்பாதைக் கடவையில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர் உயிரிழந்தனர். புத்தகப் பையோடு வழக்கமான வழியில் பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அந்தப் பெற்றோரின் துயரைப் பேசும் தகுதி எந்தக் கட்டுரைக்கும் இல்லை. அஜல் எவர்க்கு எப்போது என்பதை அல்லாஹ்வே அறிவான் என்று நாள்தோறும் சொல்லும் நாம், ஒன்றை மட்டும் எண்ணிப் பார்த்தல் தகும். பதினைந்து ஆண்டு வாழ்ந்த பிள்ளை வாழ்ந்தது ஆயத்தமன்று, வாழ்க்கை. அதன் விளையாட்டும் சிரிப்பும் பிடித்த புத்தகமும் பெருநாள் சட்டையும் அவ்வாழ்க்கையின் முழுப்பொருள். அவற்றை எழுதத் தகாதவை என ஒதுக்கும் இலக்கியம் மனித ஆயுளின் ஒரு பகுதியையே ஒதுக்குகிறது.

செய்யத்தக்கன

நம் எழுத்தாளர்கள் இளையோர் கதையை அறிவுரைக்கு முலாம் பூசும் வேலையாகக் கருதுவதை விடுக. நல்லொழுக்கம் பாத்திரத்தின் செயலில் தோன்றட்டும். கடைசிப் பத்தியில் சொற்பொழிவாய் வரவேண்டாம். பதிப்பாளர்கள் ‘அசன்பே சரித்திர’த்தையும் ‘ஹய்யு இப்னு யக்ழா’னையும் இன்றைய எளிய தமிழில், இளையோர்க்கென்றே அச்சிடுக. ஜமாஅத்துகள் பள்ளிவாசல் நூலகத்தில் ஓர் அலமாரியைப் பதின்பருவத்தினர்க்கு ஒதுக்கி, அதில் எந்நூல் வேண்டும் என்று அவர்களையே கேட்டு வாங்குக. பெண்பிள்ளைகளும் எடுத்துச் செல்ல வகைசெய்க. மத்ரஸாவில் ‘மகாமாத்’ ஓதும் மாணவர், சொல்லிலக்கணத்தோடு நின்றுவிடாமல், அதுபோல் தம் ஊர் எத்தன் ஒருவனைப் பற்றித் தமிழில் ஒரு மகாமா எழுதிப் பார்க்கட்டும். நாளைய நாவலாசிரியன் அவ்வகுப்பிலிருந்தும் வரலாம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். உங்கள் பிள்ளை ஒரு கதை நூலில் மூழ்கிக் கிடந்தால், பிடுங்காதீர்கள். என்ன கதை என்று கேளுங்கள். பிள்ளை சொல்லத் தொடங்கும். அந்தப் பத்து நிமிடங்களில் அறிந்துகொள்வதை வேறு எவ்வழியிலும் நீங்கள் அறியமாட்டீர்கள்.

யஃகூப் (அலை) அவர்கள் பிள்ளை விளையாடுவதற்கு அஞ்சவில்லை, ஓநாய்க்கே அஞ்சினார்கள். ஓநாய் எது, விளையாட்டு எது என்று பிரித்தறியும் தெளிவை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.